தவறணைக்குப் போனவர்

"தவறணை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன். மீன்காரன் வந்தா வாங்கிக் கொழம்பு வச்சிடு."

அமிர்தலிங்கம் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அடுப்பங்கரையில் இருந்த நாகம்மாளுக்கு அது சரியாகவே காதில் விழுந்தது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் பிரகதீஸ்வரி சிரித்தாள்.

"தவறணையா? அது என்ன கடை மாமா? எங்க இருக்கு?"

அவர் கேட்டைப் பார்த்து நடந்தார். மருமகள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். "அத்தை, தவறணைன்னா என்ன அத்தை?"

"தெரியாது" என்றாள் நாகம்மாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்று அணைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துடைக்கக் கை போகவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றங்கரையில் இருக்கிறது வடகட்டளை. அந்த ஊரில் ஆண்கள் குடிக்கப் போகிற இடத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு பேர் இருந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை, பிறகு பிராந்திக்கடை, அப்புறம் ஒயின்ஷாப். இப்போது பிள்ளைகள் வெறுமனே கடை என்கிறார்கள். ஆனால் எந்தக் காலத்திலும் எந்தக் கடையாக இருந்தாலும் அதைத் தவறணை என்று சொன்னவர் ஊரிலேயே அமிர்தலிங்கம் ஒருத்தர்தான். அவருடைய அப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். இவர் பையனாக அங்கே வளர்ந்த நாளில் காதில் ஏறிய பேச்சு அது. அவர் அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்புவாராம்.

நாகம்மாள் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அது ஏதோ ஆபீஸ் என்று நினைத்தாள். அவர் சொல்கிற தோரணை அப்படி. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, ஏதோ உத்தியோகத்துக்குப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டுப் போவார். முதல் தடவை அவர் திரும்பி வந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. அன்றைக்குச் சோற்றில் கல் இருந்தது என்று அடித்தார். அடுத்த தடவை கல் இல்லை. அப்போதும் அடித்தார்.

அவள் பழகிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. பயத்துக்கு யாரும் பழகுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தெருமுனை தாண்டியதும் அரிவாள்மணையை எடுத்து நெல் குதிருக்குப் பின்னால் செருகுவாள். உலக்கையைக் கொல்லையில் போடுவாள். சொம்பு, விளக்கு எதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்காது. பிறகு உட்கார்ந்து படலைத் திறக்கிற சத்தத்துக்குக் காத்திருப்பாள். காத்திருப்பதுதான் அடியைவிட மோசம். ஒரு நாள் சொம்பை எடுத்து வைக்க மறந்துபோனாள். அது பறந்து வந்து இடது காதோடு அடித்தது. அதோடு அந்தக் காது போயிற்று.

கேட்டவர்களிடம் அமிர்தலிங்கம் சொன்ன காரணம் வேறு. "சின்ன வயசுலயே காதுல சீழ் வச்சிருச்சு அவளுக்கு." வருஷம் ஆக ஆக ஊர் அதையே நம்பியது. பிள்ளைகளும் அதையே நம்பினார்கள். அவரும் நம்பிவிட்டார் என்றுதான் நாகம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கள்ளுக்கடை ஆற்றுப் படுகைத் தென்னந்தோப்பில் இருந்த காலம். மூத்தவள் தமிழரசிக்கு நாலு வயசு இருக்கும். ஒரு நாள் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். பொழுது சாய்கிற நேரத்தில் தனியாக வந்தார்.

"புள்ள எங்க?" என்றாள் நாகம்மாள்.

அவர் அவளை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் புள்ள?" என்றார்.

தெருவே திரண்டு போய்த் தேடியது. தோப்பில், தண்ணீருக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் குழந்தை சுருண்டு படுத்துக் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. தூங்கிவிட்டது என்று தூக்கி வந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த "எந்தப் புள்ள?" நாகம்மாளின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக்கூட அவள் தனியாக அனுப்பியதில்லை.

கள்ளுக்கடையை மூடினார்கள். நாகம்மாள் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். ஆனால் அவருடைய தவறணை மூடவில்லை. மெயின் ரோட்டுப் பிராந்திக்கடைக்கு இடம் மாறியது. கடைசியில் மஞ்சள்காமாலை வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்து, இனிமேல் ஒரு சொட்டுப் பட்டாலும் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டார். அப்போது இளையவன் குணசேகரன் கைக்குழந்தை. விட்டவர் விட்டவர்தான். வயலைப் பார்த்தார், மகளைக் கட்டிக் கொடுத்தார், மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். மருமகள் வந்தபோது அந்த வீட்டில் இருந்தது அதட்டிப் பேசாத, வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருகிற ஒரு பெரிய மனுஷர். நாகம்மாளும் மெல்ல மெல்ல மூச்சு விடப் பழகியிருந்தாள்.

அப்புறம் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பேர், பிறகு கிழமை. "புதுசா நடக்குறது தங்காதும்மா. பழசெல்லாம் பளிச்சுனு மேல வரும்" என்றார் டாக்டர். மருமகள் தலையாட்டினாள். பழசில் எது மேலே வரும் என்று அந்த அறையில் நாகம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்போது வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் கேட்டு வரை போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வந்துவிட்டார். ஆனால் மறுவாரமும் சொன்னார். அதற்கப்புறம் அடிக்கடி சொன்னார். நாகம்மாளின் கை தானாகவே பழைய வேலையைத் தொடங்கியது. காய் நறுக்கப் போன பிரகதீஸ்வரி கத்தியைக் காணாமல் தேடினாள். அது அரிசி டிரம்முக்குள் கிடந்தது. இன்னொரு நாள் பூரிக்கட்டை பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. உங்களையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் மருமகள்.

நாகம்மாள் என்ன சொல்வாள்? இந்த மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடித்து "நல்லா இருக்கும்மா" என்று சொல்கிற மனுஷர் அவர். அவரைப் பற்றி எந்த வாயால் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

ஆவணி பிறந்த சமயம், ஒரு சாயங்காலம், அவர் வெளியே போய்விட்டு வந்தார். கேட்டைத் தள்ளிய சத்தத்திலேயே நாகம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். அவருக்குக் கால் பின்னியது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவள் பயந்துகொண்டே கிட்டப்போய் மோந்து பார்த்தாள். விபூதி வாசனை. வியர்வை. வேறு எதுவும் இல்லை.

அது அவளை இன்னும் கலக்கியது. குடித்திருந்தால் விடிவதற்குள் தெளிந்துவிடும். இது எதனால் தெளியும்?

"எவன்டி கதவத் தாழ் போடச் சொன்னது?" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. அந்தக் குரல் எழுபது தாண்டியவருடைய குரல் இல்லை. கை மேலே போயிற்று. நாகம்மாள் தன்னையறியாமல் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டாள். அந்த நேரம் பேத்தி கவிப்ரியா, "தாத்தா, இந்தக் கேம் பாருங்க" என்று செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கை இறங்கியது. அவர் திருதிருவென்று விழித்து, போனை வாங்கிப் பார்த்து, "யானையா இது?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நாகம்மாள் பேத்தியின் அறையில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். தன்னைக் காப்பாற்றவா, குழந்தையைக் காப்பாற்றவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊர்த் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாள். பிரகதீஸ்வரி மன்னார்குடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். அவள் போனதும் கவிப்ரியா அடுப்பங்கரைக்கு வந்து கேட்டாள்.

"அப்பாயி, மொந்தைன்னா ஐஸ்கிரீமா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"தாத்தாதான். எனக்கு ஒரு மொந்தை வாங்கித் தரேன்னாங்களே."

மொந்தை என்பது கள் ஊற்றிக் கொடுக்கிற மண் கலயம். நாகம்மாள் குழந்தையைப் பிடித்து, "தாத்தா எங்க கூப்பிட்டாலும் போகக் கூடாது, தெரியுதா?" என்றாள். குழந்தை தலையாட்டியது. அவரைப் பார்த்தால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தூறல் போட்டது. கொல்லையில் நெல் புழுக்கிக் காயப்போட்டிருந்தாள். ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. செல்போன் தரையில் கிடந்தது, அதில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டு திறந்து கிடந்தது. திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

செருப்புப் போடாமல் தெருவில் ஓடினாள். ஆற்றில் மேட்டூர்த் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிற நாள் அது. எதிரே பைக்கில் வந்தான் மேலத்தெருப் பையன் பரிதி.

"எங்க வீட்டுக்காரர பாத்தியாப்பா? புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"பாக்கலியே பெரியம்மா. எங்க போறேன்னு சொன்னாரு?"

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னாள். "தவறணைக்கு."

"அது எந்த ஊரு?"

"கள்ளுக்கடைப்பா. கள்ளுக்கடைக்கு."

"கள்ளுக்கடை இப்ப ஏது பெரியம்மா? மெயின் ரோட்டுக் கடையச் சொல்றீங்களா? இருங்க, நான் போயிப் பாத்துட்டு வரேன்." அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான்.

மெயின் ரோட்டில் அவர் இருக்கமாட்டார். பிராந்திக்கடையில் ஏது மொந்தை? நாகம்மாள் படுகைப் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பாதையில் அவள் கால் வைத்ததே இல்லை. கடை மூடி இத்தனை வருஷம் ஆகியும், புல் அறுக்கப் போகிறவர்கள் கூப்பிட்டும் போனதில்லை. பிள்ளை காணாமல் போன அன்றுகூட மற்றவர்கள்தான் உள்ளே போனார்கள், அவள் பாதை முனையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கஜா புயலில் பாதித் தோப்பு விழுந்துவிட்டது. மிச்ச மரங்களுக்கு நடுவில் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. கால் புதைந்தது. ஆற்றின் இரைச்சல் வர வரப் பெரிதானது.

"கவி! கவிப்ரியா!"

"அப்பாயி" என்று ஒரு சத்தம் வந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு காது போனவர்களுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. தோப்புக்குள்ளிருந்தா, ஆற்றிலிருந்தா? அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை பதில் வரவில்லை. கோரையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்தை நோக்கி விழுந்தடித்துப் போனாள்.

கடை இருந்த இடத்தில் இடிந்த சிமெண்டு மேடை மட்டும் மிச்சம். அதன் மேல் அமிர்தலிங்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தனியாக.

"புள்ள எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் புள்ள?"

நாகம்மாள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு கண் முன்னால் செக்கச் செவேல் என்று சுழித்துக்கொண்டு போனது.

அப்போது படித்துறையிலிருந்து குழந்தையின் தலை மேலே வந்தது. கையில் ஒரு கொட்டாங்கச்சி, நிறையத் தண்ணீர். பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது.

"அப்பாயி, நான்தான் கடைக்காரி. தாத்தாவுக்கு மொந்தை குடுக்குறேன். தீரத் தீர ஊத்தணும்" என்றாள்.

எத்தனை தடவை அந்தப் படியில் இறங்கினாளோ. நாகம்மாள் தாவி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தைக்கு வலித்திருக்கும். அழ ஆரம்பித்தது.

"யாரும்மா நீ?" என்றார் அமிர்தலிங்கம். நாக்குக் குழறியது. "பொம்பளைங்க வர்ற எடமா இது?"

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எங்க வீட்டுக்காரரத் தேடி வந்தேங்க" என்றாள்.

"வருவான், வருவான். நீ வீட்டுக்குப் போ. எம் பொண்டாட்டியெல்லாம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டா."

"ஏன்?"

"பயம்." அவர் சிரித்தார். "நான் இங்க கெளம்புனதும் அருவாமணைய எடுத்து ஒளிச்சு வச்சிடுவா. குதிருக்குப் பின்னால. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? எல்லாத்தையும் ஒளிப்பா. ஒரு நாளு சொம்ப ஒளிக்க மறந்துட்டா." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காது போயிடுச்சு. சீழ்னு சொல்லிட்டேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நம்பவும் இல்லை, மறக்கவும் இல்லை. பூ வாங்கி வந்த வெள்ளிக்கிழமைகளிலெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அடிக்குப் பயந்தது ஒரு பயம். இது வேறு. இத்தனை வருஷம் யாரோடு படுத்து எழுந்தோம் என்று கேட்கிற பயம். அதற்கு ஒளித்து வைக்க எதுவும் இல்லை.

அவர் எழுந்து நின்றார். "ஏய், ஊத்துடி" என்று குழந்தையைப் பார்த்து உறுமினார். குழந்தை நாகம்மாளின் கழுத்தை இறுக்கிக்கொண்டது. அவர் ஒரு எட்டு வைத்தார். கை மேலே எழும்பியது. பின்னால் ஆறு. ஓட இடமில்லை.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. குரலை உயர்த்தி, கடைக்காரர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"கடை மூடியாச்சுங்க. கெளம்புங்க, கெளம்புங்க."

அவர் நின்றார். "மூடியாச்சா?"

"மூடியாச்சு. சரக்கு தீந்துபோச்சு. வீட்டுக்குப் போங்க."

கை இறங்கியது. "சரி" என்று தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் பாதையில் நடந்தார். நாகம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளியே பின்னால் வந்தாள். பாதை முனையில் பரிதி வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவரை அவன் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அவள் மண்ணில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோவையாகச் சொல்ல வரவில்லை. பிரகதீஸ்வரி முதலில், "மாமாவா?" என்றாள். பிறகு, "அவருக்கு ஒடம்பு சரியில்லாம ஏதோ ஒளறியிருப்பாரு அத்தை" என்றாள். மடியில் கிடந்த குழந்தைதான், "இல்லம்மா, தாத்தா சொன்னாங்க, சொம்ப ஒளிக்க மறந்துட்டாங்களாம், காது போயிடுச்சாம்" என்றது. பிரகதீஸ்வரி மாமியாரின் இடது காதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து போய் அரிசி டிரம்மிலிருந்த கத்தியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மன்னார்குடியிலிருந்து தமிழரசி வந்தாள். நாற்பது தாண்டியவள், பெண்ணைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள். அம்மா சொன்னதைக் கடைசி வரை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்மா. அன்னைக்குத் தோப்புல நான் தூங்கல" என்றாள். "கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அப்பா வந்துடுவாருன்னு."

நாகம்மாள் மகளைப் பார்த்தாள். தனக்கு மட்டும் என்று நினைத்திருந்த பயத்தை இவளும் இத்தனை காலம் சுமந்திருக்கிறாள்.

தமிழரசி அம்மாவின் புடவைகளைப் பையில் எடுத்து வைத்தாள். சிங்கப்பூரிலிருந்து குணசேகரன் போனில், "அக்கா சொல்ற மாதிரியே செய்யிம்மா" என்றான். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு ஆளை அவரைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள், தடித்த, பொறுமையான மனுஷன். கேட்டுக்குப் பூட்டு வந்தது. சீக்காளிப் புருஷனை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெருவில் பேசினார்கள். அது நாகம்மாளுக்குக் குத்தியது. ஆனாலும் திரும்பி வந்து அந்த வீட்டில் தங்கவில்லை.

காலை பஸ்ஸில் வருவாள். சமைப்பாள். அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது அவருக்கு ஊட்டி விடுவாள். ஐப்பசி மழைக்குள் அவருக்குத் தவறணையும் மறந்துவிட்டது, மற்றதும் மறந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார், அவ்வளவுதான். அவளுக்குத்தான் மறக்கவில்லை. அவர் கை லேசாக அசைந்தால்கூடத் தட்டோடு பின்னால் நகர்ந்துவிடுவாள். பொழுது இறங்குவதற்கு முன்னால் கிளம்பிவிடுவாள்.

"தெனம் வந்து போறீங்களே பெரியம்மா, வேலைக்கா?" என்று ஒரு நாள் கண்டக்டர் கேட்டார்.

"ஆமாப்பா" என்றாள். "ஒருத்தரப் பாத்துக்குற வேலை." டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, டிரைவருக்குப் பின்னாலுள்ள சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டும்வரை முன் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள்.